வாசலில் எத்தனை சோடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எனக்கு ஒருவர் சொன்னார். சொல்லி முடித்ததும், "இதை எழுதாதேங்கோ தம்பி" என்றார். நான் தலையாட்டினேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே வெட்கத்தோடுதான் தொடங்குகிறேன். போகப் போக அது குறையும் என்று நம்பவேண்டாம்.

சொன்னவர் 2024 நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலில் நின்ற ஒரு முன்னாள் போராளி. சுயேச்சைக் குழு. சின்னம் தண்ணீர்ப் பைப், வாக்குச்சீட்டில் விருப்பு இலக்கம் நான்கு. அவருடைய துண்டுப்பிரசுரத்தை எழுதியவன் நான். யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்ப்பது என் தொழில். தேர்தல் வந்தால் பிழை பார்க்கிறவனே எழுதுகிறவனும் ஆகிவிடுவான். அந்தத் தேர்தலில் மட்டும் மூன்று கட்சிக்காரருக்கும் இரண்டு சுயேச்சைகளுக்கும் எழுதினேன். ஐந்து பேரும் மக்களோடு மக்களாக நின்றவர்கள். ஐந்து பேரும் விலைபோகாதவர்கள். சொற்கள் தீர்ந்துபோய், ஒருவருக்கு எழுதிய பந்தியைப் பெயர் மாற்றி மற்றவருக்குக் கொடுத்ததும் உண்டு. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் ஒருவரும் வாசிப்பதில்லை.

வாழ்க்கைக் குறிப்பு எடுப்பதற்காக இவருடைய வெல்டிங் பட்டறைக்குப் போனேன். வீட்டுக் கேற் செய்கிறவர். பிறந்தது, படித்தது, இயக்கத்துக்குப் போனது, காயப்பட்டது, சரணடைந்தது, புனர்வாழ்வு முகாமில் இரண்டு வருடம் இருந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கடைசியில், நான் கேட்காமலே, ஒரு சோடிச் செருப்பைப் பற்றிச் சொன்னார். அந்தச் செருப்பு துண்டுப்பிரசுரத்தில் அடங்கவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

(இந்தக் கடைசி வசனம் முழு உண்மை அல்ல. பிறகு திருத்துகிறேன்.)

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள் சில:

"சிவரூபனின் இடுப்பில் கிடந்த செல் குண்டுத் துண்டு, மழை வரப்போவதை வானொலிக்கு முன்பே —"

விட்டுவிட்டேன். காயத்தோடு தொடங்கினால் நீங்கள் உடனே அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

"அவன் ஒரு பிள்ளைபிடிகாரன்."

இதுவும் சரிவரவில்லை. மறுபக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அதோடு இந்த வசனத்தை எழுதியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. அந்தச் சந்தோசத்தை நான் நம்பவில்லை.

"ஒரு காலத்தில் வன்னியில் —"

ஒரு காலமும் இல்லை. 2008. அந்த வருடத்தில் போர் முற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு ஒருவர் இயக்கத்தில் சேரவேண்டும் என்று கட்டாயம். சேராத வீட்டுக்கு ஆள் வரும். பெற்றவர்கள் பிள்ளைகளைப் பதுங்குகுழியிலும் விறகுக் குவியலுக்குப் பின்னாலும் ஒளித்துவைத்தார்கள். வருகிறவர்கள் உள்ளே போகமுன் வாசலைப் பார்ப்பார்கள். எங்கள் சனத்துக்கு உயிர் போகிற அவசரத்திலும் செருப்போடு வீட்டுக்குள் ஓடக் கால் வராது. வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஓடும். பிள்ளை ஒளிந்துவிடும், செருப்பு வெளியே கிடக்கும். வாசலில் மூன்று சோடி, உள்ளே இரண்டு பேர் என்றால் வந்தவர்களுக்கு வேறு விசாரணை தேவையில்லை.

பிறகு தாய்மார் படித்துக்கொண்டார்கள். முதலில் செருப்பை ஒளி, பிறகு பிள்ளையை ஒளி.

அந்த வாசல்களைப் பார்க்க அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் சிவரூபன். இந்தப் பெயர் நான் வைத்தது. அவருடைய சொந்தப் பெயரும் வேறு, இயக்கப் பெயரும் வேறு. எழுத்தில் அவருக்கு மூன்றாவது பெயர் கொடுத்தது அவரைக் காப்பாற்றத்தான் என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு அந்த வசனத்தை வெட்டினேன்.

3

இனிக் கதை.

மழை விட்டிருந்த ஒரு காலைப்பொழுது. கோப்பாய்ப் பக்கம் ஒழுங்கை ஒழுங்கையாக வாக்குக் கேட்டுப் போனார்கள் சிவரூபனும் லெனாட் அண்ணையும். லெனாட் அண்ணைக்கு அறுபது வயது. தேர்தலுக்குத் தேர்தல் தன்னுடைய ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஓடுகிறவர். தான் ஏற்றுகிற ஆள் வெல்லமாட்டார் என்பதில் மட்டும் உறுதியான அரசியல் கொள்கை உள்ளவர்.

சிவரூபனுக்கு நாற்பத்தேழு வயது. வெல்லுவோம் என்று அவரும் நினைக்கவில்லை. முன்னாள் போராளி என்றால் வேலை கொடுக்கப் பயப்படுகிறார்கள், பொம்பிளை கொடுக்கப் பயப்படுகிறார்கள், அதே சனம் கார்த்திகை மாதத்தில் செத்த போராளிகளுக்கு விளக்கு மட்டும் ஏற்றுகிறது. இதை ஒருவன் சபையில் எழும்பிச் சொல்லவேண்டும் என்று அவருக்கு இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு நீதி என்பது துண்டுப்பிரசுரத்தில் முதலாவது அம்சம். அதை முதலாவதாகப் போட்டவன் நான். எல்லாருக்கும் அதைத்தான் முதலாவதாகப் போட்டேன்.

மூன்றாவது வீட்டில் லெனாட் அண்ணை கேட்டார்.

"ஐசே, படலையிலை நிண்டுகொண்டே இஞ்சை நாலு வோட்டு, அங்கை ஆறு வோட்டு எண்டுறீர். உள்ளுக்கை போனால் சரியாத்தான் இருக்கு. என்ன மை போட்டுப் பாக்கிறீரோ?"

"செருப்பை எண்ணுறன் அண்ணை."

"அட! உது நல்ல யுக்தி. எங்கை படிச்சனீர்?"

சிவரூபன் துண்டுப்பிரசுரக் கட்டை மற்றக் கைக்கு மாற்றினார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது, தன் கண் காலையிலிருந்து என்ன செய்துகொண்டிருக்கிறது என்று. பெண்பிள்ளைச் செருப்பு, ஆண்பிள்ளைச் செருப்பு, பள்ளிக்கூடச் சப்பாத்து, தேய்ந்த குதி, தேயாத குதி. பதினாறு வருடமாக அந்தக் கண்ணுக்கு வேலை இல்லை. வாக்குக் கேட்கப் படலையைத் தள்ளியதும் அது தானாக வேலைக்குத் திரும்பிவிட்டது.

அடுத்த வீட்டில் வயதான ஒரு மனிசி கதவடிக்கு வந்தார். "வீட்டிலை எத்தினை பேர் அம்மா?" என்று கேட்டார் சிவரூபன். கேட்ட குரல் அவருடைய காதிலேயே விழுந்தது. அதே கேள்வி. "அம்மா" என்ற அதே அழைப்பு. கையில் அன்றைக்கும் பெயர் எழுத ஒரு கொப்பி இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதன் பிறகு அவர் கேள்வியை மாற்றிக்கொண்டார். "வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்று கேட்டார். அதுவும் அவருக்கு நல்லாயில்லை. ஆனால் ஏதாவது கேட்டுத்தானே ஆகவேண்டும்.

(சிவரூபனுக்குள் நான் புகுந்து எழுதுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இவ்வளவும் அவர் பிறகு என்னிடம் சொன்னதுதான். "அவருடைய காதிலேயே விழுந்தது" என்பது மட்டும் நான் சேர்த்தது. அவர் சொன்னது, "எனக்குச் சத்தி வரப்பாத்துது தம்பி.")

அன்றைக்குப் போகவேண்டிய ஒழுங்கைகளின் பட்டியலை அச்சகத்தில் வைத்து நான்தான் தட்டெழுதிக் கொடுத்தேன். அதில் ஓர் ஒழுங்கையை விட்டுவிட்டேன். ஆனால் பட்டியலில் இருந்த பாதையில் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. லெனாட் அண்ணை ஓட்டோவைத் திருப்பி, நான் விட்ட ஒழுங்கைக்குள்ளேயே விட்டார். கதை எழுதுகிறவன் ஒரு பாத்திரத்தை அந்த வாசலுக்குக் கொண்டுபோக என்னென்னவோ ஏற்பாடு செய்யவேண்டியிருக்கும். இங்கே நான் தடுக்கத்தான் பார்த்தேன்.

4

தகரப் படலை. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. உள்ளே குக்கர் விசிலடித்தது, தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள். வாசல் படியில் ஒரு செருப்பும் இல்லை.

ஆள் இருக்கிற வீடு. மழையும் விட்டுவிட்டது. ஆனாலும் வாசலில் ஒரு செருப்பும் இல்லை.

சிவரூபனுக்கு விளங்கிவிட்டது. பட்டவர்கள் மட்டும்தான் இப்படிச் செய்வார்கள். வன்னியிலிருந்து திரும்பிவந்து, கல்வீடு கட்டி, பதினாறு வருடத்துக்குப் பிறகும் செருப்பை உள்ளே எடுத்துவைக்கிற வீடு.

"வாங்கோ அண்ணை, போவம்."

"ஏன் ஐசே? ஆள் இருக்குது. அம்மோய்! தண்ணிப் பைப்! இலக்கம் நாலு!"

வெளியே வந்தவருக்கு அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று வயது இருக்கும். பெயர் குணலட்சுமி. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு துண்டுப்பிரசுரத்தை வாங்கினார். வாங்கி, நின்றபடியே வாசித்தார். முதல் வரியிலிருந்து கடைசியில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் வாசித்தார். மடித்தார். படத்தில் இருந்த முகத்தையும் எதிரே நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப உமக்குத் தாடி இருந்தது" என்றார்.

5

இந்த இடத்தில் மூன்று மாதம் நின்றுவிட்டேன்.

எழுத வராமல் அல்ல. நாலு விதமாக எழுதினேன். ஒன்றில் குணலட்சுமி தும்புத்தடியால் அடித்துத் துரத்துகிறார். அதை எழுதும்போது கை நன்றாக ஓடியது. சிவரூபன் அடிவாங்க வாங்க எனக்கு மனம் லேசானது. அவரை ஓர் அரக்கனாக எழுதுவதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று யோசித்தேன். யோசித்ததும் பேனையை மூடிவைத்தேன்.

அதற்கு முன் செருப்பின் கதையைச் சொல்லவேண்டும். பட்டறையில் வைத்து அவர் சொன்னபடியே தருகிறேன்.

"2008 மார்கழி. தருமபுரத்துக்குக் கிட்ட. கொட்டில் கொட்டிலாச் சனம். நான் ஒரு வீட்டை போறன். வாசல்லை மூண்டு சோடி. எத்தினை பேர் எண்டு கேட்டன். ரெண்டு பேர், நானும் மனிசனும் எண்டு அந்த மனிசி சொல்லிச்சுது. அப்ப இந்தச் செருப்பு ஆற்றை எண்டு கேட்டன். நீலப் பாட்டா. அந்த மனிசி ஒரு கணம் யோசிச்சிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை, மா இடிக்க வந்தவள், மறந்துபோய் விட்டிட்டுப் போட்டாள் எண்டுது. நான் பக்கத்து வீட்டைப் பாத்தன். அங்கை வாசல்லை ஒண்டுமே இல்லை. துடைச்சு வைச்ச மாதிரி. அங்கை பிள்ளை இருக்கெண்டு எனக்குத் தெரியாது தம்பி. அந்தச் செருப்புத்தான் சொல்லிச்சுது."

அவர் ஒரு கேற்றின் கம்பியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"விறகுக்குப் பின்னாலை, தறப்பாளுக்குக் கீழை இருந்தவள். பதினேழு வயசு. அழேல்லை. தாய்தான் குழறினது. பிள்ளை வெறுங்காலோடை வந்தாள். பத்தை வெட்டின நிலம், அடிக்கட்டை காலைக் கிழிக்கும். நான் திரும்பிப் போய் அந்த நீலப் பாட்டாவை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்கு முன்னாலை வைச்சன். போடு பிள்ளை எண்டன். அவள் செருப்பைப் பாத்தாள். பிறகு அந்தப் பக்கத்து வீட்டைப் பாத்தாள். பிறகு போட்டுக்கொண்டாள்."

கம்பியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இயக்கத்திலை பதினாறு வருசம். ஆருக்கும் ஒரு நன்மை செய்தனான் எண்டு நினைக்கிறதெண்டால் எனக்கு அது ஒண்டுதான் இருக்கு. அவளை வெறுங்காலோடை நடத்திக்கொண்டு போகேல்லை. நித்திரை வராட்டில் அதைத்தான் நினைக்கிறனான். நீலப் பாட்டா. ஒரு வாரிலை செப்புக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது.* இதை எழுதாதேங்கோ தம்பி."

6

* அடிக்குறிப்பு: அந்தச் செப்புக் கம்பி, பழுதாய்ப்போன ஒரு ரேடியோவின் உள்ளே இருந்து எடுத்தது. வார் அறுந்தபோது அதை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கியவன் நான். செருப்பு என்னுடையது.

அடிக்குறிப்பாக எழுதினால் சின்ன எழுத்தில் வரும், வாசிக்காமல் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பிழை பார்க்கிறவனுக்கு அச்சின் தந்திரங்கள் தெரியும். பிறகு, அதையாவது பெரிய எழுத்தில் போடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்கும் பதினேழு. சுவர்ணாவும் நானும் ஒரே மரத்தடியில் படித்தவர்கள். அன்றைக்கு வாகனச் சத்தம் கேட்டதும் நான் உள்ளே ஓடி, கட்டிலுக்குக் கீழே தோண்டியிருந்த கிடங்குக்குள் இறங்கினேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டேன். எத்தனை தரம் அம்மா சொல்லியிருப்பார்! முதலில் செருப்பு, பிறகு நீ என்று. மறந்துவிட்டேன். சுவர்ணா மறக்கவில்லை. அவளுடைய வீட்டு வாசல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அம்மா சொன்ன பொய்யைக் கேட்டேன். அது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். அந்தப் பொய் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுத்தது என்றும் எனக்குத் தெரியும். கிடங்கிலிருந்து தலையைத் தூக்கினால், கொட்டிலின் கிடுகுச் சுவருக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி. அதற்குள்ளால் கால்களை மட்டும் பார்த்தேன். சின்னக் கால்கள், என்னுடைய செருப்பு. குதியில் இரண்டு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நடக்க நடக்கப் பட்டுப் பட்டென்று அடித்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் அவளுக்கு. "இது என்ரையில்லை." அவ்வளவுதான். அவள் எங்கள் வீட்டைப் பார்த்தாள் என்பது பதினாறு வருடத்துக்குப் பிறகு, ஒரு வெல்டிங் பட்டறையில், ஒரு வேட்பாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. நான் கொப்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "விருப்பு இலக்கம் நான்குதானே அண்ணை?" என்று கேட்டேன்.

இதுதான் கதையின் உண்மையான பிறப்பு. முதலாம் பகுதியில் சொன்னது துண்டுப்பிரசுரம்.

அம்மா இப்போது கனடாவில் அக்காவோடு இருக்கிறார். போன மாதம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "எந்தச் செருப்பு?" என்றார். பிறகு அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றார். அவர் மறக்கவில்லை. தான் மறந்துவிட்டதாக நான் வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். அதற்கும் நான் ஓம் என்றுதான் இருந்தேன்.

7

திரும்பவும் தகரப் படலைக்கு.

"அப்ப உமக்குத் தாடி இருந்தது" என்றார் குணலட்சுமி.

சிவரூபனுக்கு முகம் ஞாபகம் வரவில்லை. எத்தனை தாய்மார், எத்தனை வாசல். யாரென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்பது எப்படி? அதுதான் அவருக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. லெனாட் அண்ணை ஏதோ விளங்கியவராக ஓட்டோவுக்குப் போய் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, திரும்பி வராமல் அங்கேயே இருந்துகொண்டார்.

"நீங்கள்..."

"சுவர்ணாவின்ரை தாய். தருமபுரம். விறகுக்குப் பின்னாலை."

சிவரூபன் முற்றத்தில் நின்றார். ஏதாவது சொல்லவேண்டும். அவரிடம் சொல்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். பதினாறு வருடமாக அதை இப்படி ஒரு நாளுக்கென்று வைத்திருந்தது போல வெளியே எடுத்தார்.

"அம்மா, நான் அண்டைக்குப் பிள்ளையை வெறுங்காலோடை..."

"பொறும்."

உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சோடிச் செருப்பு. சிவப்பு வார், சின்ன அளவு. தூசு இல்லை.

"இதுதான் என்ரை பிள்ளையின்ரை. நீர் வரேக்கை இது உள்ளுக்கை என்ரை சீலை மடிப்புக்குள்ளை கிடந்தது."

சிவரூபன் அந்தச் சிவப்புச் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். விளங்கச் சில கணம் எடுத்தது.  அவரிடம் இருந்த ஒரு நன்மையும் அவர் கண்ணுக்கு முன்னால் போய்விட்டது.

"அப்ப அது... அது ஆற்றை?"

"அது எனக்குத் தெரியும். உமக்குத் தேவையில்லை."

"ஏன் அம்மா அண்டைக்குச் சொல்லேல்லை? பிழையான செருப்பெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..."

"சொன்னால்? என்ரை பிள்ளையை விட்டிட்டு அந்தப் பிள்ளையைக் கொண்டுபோயிருப்பீரோ? ரெண்டையும்தானே கொண்டுபோயிருப்பீர்."

அவர் கத்தவில்லை. குக்கரின் விசில் அடங்கும்வரை பொறுத்து, பிறகு சொன்னார்.

"காணாமல் போனவைக்குப் பதிஞ்சு குடுக்கேக்கை ஒரு படிவம் தந்தவை. கடைசியாக் கண்ட நேரம் என்ன உடுத்திருந்தவா எண்டு ஒரு கேள்வி. பச்சைச் சட்டை, காலிலை அளவில்லாத நீலப் பாட்டா எண்டு எழுதினன். ஆற்றை செருப்பெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டன். அந்தப் பிள்ளையாவது தப்பட்டும்."

சிவரூபன் கொப்பியை மூடினார்.

"நீர் வோட்டுக் கேட்டுத்தானே வந்தனீர்?" என்றார் குணலட்சுமி. "இந்த வீட்டிலை ரெண்டு வோட்டு. அவர் செத்துப் பத்து வருசம். நான் ஒண்டு, சுவர்ணா ஒண்டு. ஒவ்வொரு வருசமும் கிராமசேவையாளர் வரேக்கை அவளின்ரை பேரைப் பதியிறன். வாக்காளர் அட்டையும் வருகுது. எழுதிக்கொண்டு போம். ரெண்டு."

அவர் எழுதவில்லை. எழுதினாரா என்று நான் கேட்டேன், அதனால் தெரியும்.

8

அடுத்த நாள் காலையிலேயே அச்சகத்துக்கு வந்துவிட்டார். சவரம் செய்யாத முகம். மெசின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைக்கவேண்டியிருந்தது.

"தம்பி, புதுத் துண்டு ஒண்டு அடிப்பம்."

"என்ன அண்ணை போட?"

"நான் பிள்ளையளைப் பிடிச்சனான் எண்டு போடுங்கோ. என்ரை பேர், இயக்கப் பேர், இடம், வருசம். ஒளிக்காமல். உதைச் சொல்லிப்போட்டு வோட்டுக் கேக்கிறன். இல்லாட்டில் கேக்காமல் விடுறன்."

அவர் நின்ற நிலையைப் பார்த்தேன். இருபது வருடமாகத் தேர்தல் துண்டுகளை வாசித்திருக்கிறேன். உண்மை சொல்லவேண்டும் என்று அச்சகத்துக்கு வந்த வேட்பாளரை அன்றைக்குத்தான் கண்டேன்.

[இருபது வருடம் அல்ல, பன்னிரண்டு. வெட்கப்படும்போது எனக்கு எண்கள் பெருத்துவிடுகின்றன.]

"அண்ணை, இப்ப வேண்டாம்" என்றேன். "தேர்தல் முடியட்டும். மற்றப் பகுதி இதைத் தூக்கிக்கொண்டு திரியும். குழுவிலை உங்களோடை நிக்கிற எட்டுப் பேரையும் யோசியுங்கோ."

நல்ல காரணங்கள். ஒவ்வொன்றும் சரியான காரணம். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது வேறு. அந்தத் துண்டை நான் எழுதினால் தருமபுரம் என்று எழுதவேண்டும், இரண்டு கொட்டில் என்று எழுதவேண்டும், முதலாவது கொட்டிலில் மூன்று சோடி என்று எழுதவேண்டும். அவர் செய்ததை ஒளிக்காமல் எழுத ஆயத்தமாக இருந்தார். நான் செய்யாமல் விட்டதை ஒளிக்க அவருடைய அரசியலைப் பற்றி அக்கறைப்பட்டேன்.

அவர் நம்பினார். "நீங்கள் படிச்ச ஆள், சொன்னால் சரிதான்" என்றார். அதன் பிறகு அவர் ஒரு வீட்டுப் படலையையும் தள்ளவில்லை. மிச்ச நாட்கள் சந்தையடியில் நின்றார். கேட்டவர்களுக்குத் துண்டு கொடுத்தார், கேட்காதவர்களுக்குக் கொடுக்கவில்லை. முந்நூற்றுப் பதினொரு விருப்பு வாக்கு. லெனாட் அண்ணை தன்னுடைய கொள்கை இன்னொரு தரம் வென்றதையிட்டுப் பெரிதாகச் சந்தோசப்படவில்லை. "உந்த மனிசன் வெண்டிருக்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

சிவரூபன் திரும்பவும் கேற் செய்கிறார். என்னைக் காணும்போதெல்லாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்.

"தம்பி, அந்தச் செருப்பு ஆற்றையா இருக்கும்? அந்தப் பிள்ளை இப்ப எங்கை இருக்கும்? உயிரோடை இருந்தால் நல்லா இருக்கட்டும். எனக்கு ஒருக்காக் கண்டால் போதும்."

"தெரியேல்லை அண்ணை" என்கிறேன்.

ஏழு தரம் சொல்லியிருக்கிறேன்.

9

முடிவு.

(அ) சிவரூபன் வெல்கிறார். பாராளுமன்றத்தில் எழும்பி ஒரு சோடிச் செருப்பைப் பற்றிப் பேசுகிறார். சபை அமைதியாகிறது. — முந்நூற்றுப் பதினொரு வாக்கோடு ஒருவரும் அந்தச் சபைக்குள் போகமுடியாது. வெட்டு.

(ஆ) சுவர்ணா ஒரு நாள் திரும்பி வருகிறாள். — இதை எழுத எனக்கு உரிமை இல்லை. குணலட்சுமி அம்மாவுக்கு மட்டும்தான் இருக்கிறது. அவர் அதை ஒவ்வொரு வருடமும் வாக்காளர் இடாப்பில் எழுதுகிறார்.

(இ) நான் சிவரூபனுடைய பட்டறைக்குப் போய், "அண்ணை, அது என்ரை" என்கிறேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு — வேண்டாம். அவருக்கு ஆறுதல் கிடைக்கும், எனக்கும் கிடைக்கும். இரண்டு ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு நிற்க, கோப்பாயில் ஒரு மனிசி தனியச் சமைத்துக்கொண்டிருப்பார்.

ஆக, போகவேண்டிய வாசல் ஒன்றுதான். நான் இருபாலையில் இருக்கிறேன். அந்த ஒழுங்கைக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். வன்னியிலிருந்து திரும்பிவந்த நாளிலிருந்து அதைத் தவிர்த்துச் சுற்றுப்பாதையால்தான் போய்வருகிறேன். அதனால்தான் அது அந்தப் பட்டியலிலும் வரவில்லை.

இந்தக் கதையின் எட்டாம் பகுதிவரை எழுதிய பிறகு, தாள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். முதல் தரம் படலை வரைக்கும் போய்த் திரும்பினேன். இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம், போன ஞாயிற்றுக்கிழமை, படலையைத் திறந்து முற்றத்தைத் தாண்டி வாசற்படி வரைக்கும் போய்விட்டேன். பழக்கத்தில் செருப்பைக் கழற்றினேன். சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். ஆரென்று கேட்கவில்லை. பிறகு என் காலடியைப் பார்த்தார்.

"வாரும் தம்பி" என்றார். "செருப்பை வெளியிலை விடாதையும். எடுத்துக்கொண்டு உள்ளுக்கை வாரும்."

நான் குனிந்து செருப்பை எடுத்தேன்.

இதற்கு மேல் எழுதமாட்டேன். உள்ளே போனேனா, தாள்களைக் கொடுத்தேனா, வாயைத் திறந்தேனா என்பதெல்லாம் எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் அதை வைத்து என்னை அளந்து, சரி, பரவாயில்லை என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கையில் செருப்போடு அந்த வாசலில் நான் நிற்கிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்.

என்னைத் திரும்பி ஓடவிடலாம். அழவிடலாம். அவர் என் கையிலிருந்து செருப்பை வாங்கி, அந்தச் சிவப்புச் சோடிக்குப் பக்கத்தில் வைத்ததாகவும் எழுதலாம். எதுவும் சம்மதம். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று மட்டும் எழுதவேண்டாம். அதை நான் ஏற்கெனவே நாலு தரம் எழுதிப் பார்த்துவிட்டேன்.